கரையேறியவன்

பின்னால் யாரோ சீட்டியடித்தார்கள்.

ரெஜினா போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், பேசாலையில், அவள் மகள் ஜெமி பள்ளிக்கூடச் சப்பாத்து வாய் பிளந்துவிட்டதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சுக்குப் பின்னால், அடுப்படிப் பக்கமிருந்து, சீட்டி மெல்ல எழுந்து, ஓரிடத்தில் காற்று ஒழுகி உடைந்து, மறுபடி தொடங்கியது. கோழிகளை இரைக்குக் கூப்பிடுகிற சீட்டி. முன்பற்கள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கிற வாயிலிருந்துதான் அது அப்படி உடைந்து வரும்.

"ஆரு பிள்ளை அது?"

"எது?"

"சீட்டி அடிக்கிறது."

ஜெமி உடனே பதில் சொல்லவில்லை. ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்லுகிற பிள்ளை அவள்.

"ஒருத்தருமில்லையம்மா," என்றாள் கடைசியில். அம்மாவுக்குச் சொன்ன மாதிரி இல்லை. பக்கத்தில் நிற்கிற யாருக்கோ கேட்கட்டும் என்று சொன்ன மாதிரி இருந்தது. லைன் கட்டாகிவிட்டது.

ரெஜினா கட்டிலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பையன் யாராவது கோழி பார்க்க வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். அப்படித்தான் இருக்கவேண்டும்.

தூத்துக்குடியில் அவளுக்கு அது கடைசி நாள். கோயில் சாமியார் ஏற்பாடு செய்துகொடுத்த ஞானதீபம் டீச்சர் வீட்டு மாடியறையில் ஒரு மாதத்துக்கு மேல் தங்கியிருந்தாள். விடிந்ததும் டீச்சரின் மகன் நேசக்குமார் காரோடு வருவான். மதுரை போய், அங்கிருந்து விமானத்தில் கொழும்பு; கொழும்பிலிருந்து மன்னாருக்கு வேன் சொல்லியாகிவிட்டது. நடுப்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் படுக்கவைத்திருந்தது. துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் தெருமுனையில் கியர் மாற்றும்போதெல்லாம் கண்ணாடி டம்ளர் மேசைமேல் நடுங்கியது. காலையில்தான் துடைத்த ஜன்னல் கட்டையில் அதற்குள் நிலக்கரித்தூள் மெல்லிசாகப் படிந்திருந்தது. உப்பளத்துக் காற்றோடு, கீழே பேக்கரியில் மக்ரூன் வேகிற இனிப்பு வாசமும் ஏறி வந்தது. ஜெமிக்காக வாங்கிய மக்ரூன் டப்பா சூட்கேஸில் துணிகளுக்கு நடுவே நொறுங்காமல் இருந்தது.

கட்டிலின் சுவரோரத்தில் அந்தப் பெட்டி இருந்தது. உள்ளே தகரம், வெளியே பலகை, மூடியில் அரக்குச் சீல். ஒரு கைக்குழந்தையைக் கிடத்துகிற நீளம்தான் இருக்கும். அதற்குள் அவள் மகன் ஆன்றோ இருந்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதில், இன்னும் இரண்டு பேரோடு பைபர் படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போனவன். காற்று மாறிய அன்று படகு கவிழ்ந்தது. மற்ற இரண்டு உடம்புகளும் சொந்தக் கரைக்கே வந்தன. ஆன்றோ வரவில்லை. சில வாரம் கழித்து, தூத்துக்குடிக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்தில் முகமில்லாத ஓர் உடம்பு ஒதுங்கியதும், அந்த ஊர்க்காரர்கள் அதைத் தங்கள் கல்லறைத் தோட்டத்திலேயே புதைத்துப் பெயரில்லாத சிலுவை ஒன்றை நட்டதும், அந்த உடம்பின் இடது கையில் எலும்போடு ஒரு இரும்புத் தகடு இருந்ததும், இந்தக் கரைச் சாமியார் அந்தக் கரைச் சாமியாருக்குச் சொல்லி, சுற்றிச் சுற்றிப் பேசாலைக்கு வந்து சேர நெடுநாளாயிற்று. சைக்கிளிலிருந்து விழுந்து ஆன்றோ கை முறித்துக்கொண்டபோது ஆஸ்பத்திரியில் வைத்த தகடு. புதைக்குமுன் எடுத்துவைத்திருந்த எலும்புத் துண்டோடு ரெஜினாவின் ரத்தத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒத்துப்போனது.

புருஷன் சூசை அதை நம்பவில்லை. "கடல் எடுத்ததைக் கடல் தரட்டும். ஆஸ்பத்திரிக்காரன் சொன்னா நான் நம்புறதோ?" என்றான். அந்த இரண்டு வருஷத்தில் ஒரு ராத்திரிகூட அவன் வாசல் கதவைத் தாழ் போட்டதில்லை. பிள்ளை வந்து தட்டவேண்டியிருக்கக் கூடாதாம். ஆகவே ரெஜினா தனியாகத்தான் வந்தாள்.

நேற்றுக் காலையில் மண்ணைத் தோண்டினார்கள். பார்க்க வேண்டாம் என்று நேசக்குமார் எவ்வளவோ சொன்னான். அவள் கேட்கவில்லை. குழிக்குள் குனிந்து பார்த்தபோது முதலில் தெரிந்தவை அந்த இரண்டு பற்கள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மணல் அப்பி. சேலை முந்தானையை நனைத்து அவற்றைத் துடைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புமுன் அவன் வாயோரத்துக் கஞ்சியைத் துடைத்துவிடுகிற மாதிரி. அவள் அழவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இரண்டு வருஷம் நின்ற காலில் நின்றுவிட்டு அன்றுதான் உட்கார்ந்தது. ராத்திரி பெட்டிமேல் கை வைத்தபடியே தூங்கினாள். கனவில்லாத தூக்கம்.

இப்போது அந்தச் சீட்டி.

மறுபடி போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இன்னொரு தடவை. யாரோ எடுத்தார்கள், பேசவில்லை. ஈரமான எதையோ தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்டு, நின்றுபோனது.

"என்னம்மா ரெஜினா, இன்னும் சாப்பிடலியா?" டீச்சர் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறிவந்து, மூடிவைத்த தட்டைத் திறந்து பார்த்தாள். நாசரேத்துக்காரி. பள்ளிக்கூடத்தை விட்டு வருஷக்கணக்கானாலும் குரலில் இன்னும் வகுப்பறை இருந்தது. "நாளைக்கு அம்புட்டுத் தூரம் போவணும். வெறும் வயித்தோடயா போவ?"

"வீட்டில போன் எடுக்கினமில்லை டீச்சர்."

"சார்ஜ் இருக்காது. பொம்பள இல்லாத வீடு, எவன் சார்ஜ் போடுதான்?" டீச்சர் சிரித்தாள். ரெஜினாவும் சிரிக்கப் பார்த்தாள்.

வெயில் கட்டில் காலைத் தொட்ட நேரத்தில் சூசையே கூப்பிட்டான். முதலில் அவன் குரல் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு லேசாக இருந்தது, கலியாணத்துக்கு முந்திய குரல் மாதிரி.

"ரெஜினா, இருந்துகொண்டு கேள். நிக்கிறியோ? இரு முதல்ல."

"என்ன? ஜெமிக்கு என்ன?"

"ஜெமிக்கு ஒண்டுமில்லை. ஆன்றோ வந்திட்டான்."

தெருவில் ஒரு லாரி போனது. டம்ளர் நடுங்கி அடங்கியது.

"இண்டைக்கு விடிய. கரையில இருந்து நடந்து வந்தான். கதவு திறந்துதானே கிடந்தது, நேரே உள்ளுக்க வந்து பாயில படுத்திட்டான். நான் எழும்பிப் பார்க்கிறன், பிள்ளை கிடக்குது. நான் சொன்னனான் எல்லோ ரெஜினா? சொன்னனான் எல்லோ?"

"நீங்க குடிச்சிருக்கிறியள்."

"மாதா மேல ஆணை, இல்லை."

"ஆன்றோ இஞ்ச என்னோட இருக்கிறான்," என்றாள். அவள் கை தானாகப் பெட்டிமேல் போயிற்று. "நான் கண்டனான். பல்லைக் கண்டனான். நீங்க வந்திருந்தா உங்களுக்கும் காட்டியிருப்பன்."

சூசை அதைக் காதில் வாங்கவில்லை. "பொறு, பிள்ளையிட்டக் குடுக்கிறன்," என்றான்.

போன் கை மாறியது. மூச்சுச் சத்தம் இல்லை. மனிதர்கள் பேசத் தொடங்குமுன் வருகிற எந்தச் சத்தமும் இல்லை.

"அம்மா."

ரெஜினாவின் முலைகள் வலித்தன. இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குரல் அழுதபோது வலித்த அதே வலி. உடம்பு அவளைக் கேட்காமலே பதில் சொல்லிற்று.

"தம்பி... எங்கயடா இருந்தனி?"

"தண்ணிக்குள்ள," என்றான், கடைக்குப் போயிருந்தேன் என்கிற மாதிரி. "பசிக்குதம்மா. அப்பா சமைச்சது உப்பேயில்லை. நீங்க எப்ப வாறீங்க?"

"நாளைக்கு." சொல்லிவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தப் பெட்டியைக் கொண்டு வராதீங்க."

"என்ன?"

"அங்கயே வச்சிட்டு வாங்க. இஞ்ச ரெண்டு பேருக்கு இடமில்லை."

"நீ எப்பிடி... எப்பிடி வந்தனி?"

"நீங்கதானே வழி விட்டது. மண்ணைத் தோண்டினீங்க எல்லோ." சிரித்தான். அந்தச் சிரிப்பும் அவனுடையதுதான், கடைசியில் ஒரு சின்ன விக்கலோடு. விக்கல் மட்டும் கொஞ்சம் நீளமாகப் போயிற்று. நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை.

அவள் போனைக் கட்டில்மேல் போட்டாள். பக்கத்து வீட்டுப் பெர்னதெத்துக்குப் போன் போட்டாள். பேசாலையில் அவளுக்குக் கூடப்பிறவாத அக்கா. போனை எடுத்தவுடனே பெர்னதெத் அழுதாள், சிரித்தாள். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனதாம். கோயில் மணியை அடித்தார்களாம். "ஒரு வித்தியாசமும் இல்லையடி. போன அண்டைக்கு எப்பிடி இருந்தானோ அப்பிடியே. ஒரு மயிர் கூட மாறயில்லை. மாதா உன்ர கண்ணீரைக் கண்டிட்டா."

"இருபத்தொரு வயசு ஆகியிருக்க வேணும் அக்கா அவனுக்கு," என்றாள் ரெஜினா. "மீசை அடர்ந்திருக்க வேணும்."

அந்தப் பக்கம் பெர்னதெத்தின் அழுகை நின்றது. "ஏனடி இப்பிடிக் கதைக்கிறாய்? நீ பெத்த பிள்ளை," என்றாள், மனம் நொந்துபோய்.

ரெஜினா கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு செய்ததை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். பெட்டியைத் தூக்கிக் கட்டிலுக்கடியில், சுவர் மூலைவரைக்கும் தள்ளினாள். சூட்கேஸ் பூட்டைச் சரிபார்த்தாள். ஜெமிக்கு மக்ரூன் இருக்கிறது, ஆன்றோவுக்கு ஒன்றும் வாங்கவில்லையே என்று நினைத்தாள். நீல நிறத்தில் ஒரு சட்டை வாங்கலாம். கடை இன்னும் திறந்திருக்கும். செருப்பைக்கூட மாட்டிவிட்டாள். வாசலில் நின்றபோது, விரல் நுனிகளில் மணலின் நறநறப்பு இன்னும் ஒட்டியிருப்பது தெரிந்தது. நேற்று அந்தப் பற்களைத் துடைத்த விரல்கள்.

திரும்பி வந்தாள். தரையில் மண்டியிட்டுப் பெட்டியை வெளியே இழுத்தாள். மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுகை வந்தது, நேற்று வராதது, சத்தத்தோடு.

டீச்சர் ஓடிவந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். பெட்டியைப் பார்த்தாள்.

"எவனோ ஏமாத்துதான்," என்றாள். "சாயல்ல ஒருத்தன் இருப்பான். பிள்ளையப் பறிகொடுத்த வீடுன்னு தெரிஞ்சு உள்ள வந்துட்டான். மூஞ்சியப் பாத்தியா? வீடியோவுல கூப்பிடு. உம் மவன்கிட்ட இருக்கிற ஒரு அடையாளத்தக் கேளு. பெத்தவளுக்குத் தெரியாததா?"

"பயமாக் கிடக்குது டீச்சர்."

"நான் இங்கனதான இருக்கேன். கூப்பிடு."

கொண்டல் காற்று எழுந்து ஜன்னல் திரையை உள்ளே தள்ளியது. போன் திரையில் முதலில் ஓட்டுக்கூரை தெரிந்தது, பிறகு சூசையின் கன்னம். சவரம் செய்திருந்தான். இரண்டு வருஷமாக அவன் அப்படிச் செய்ததில்லை. போனை எதிலோ சாத்திவைத்தான். அவள் வீடு. அவள் மேசை. மேசைக்குப் பின்னால் ஆன்றோ உட்கார்ந்திருந்தான்.

டீச்சரின் மூச்சு அவள் தோளில் பட்டது. ரெஜினா கொண்டுவந்திருந்த போட்டோவில் டீச்சரும் அந்த முகத்தைப் பார்த்திருந்தாள்.

அவனேதான். புருவத்து வெட்டு. காதோரத்து மச்சம். ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பற்கள். தலைமயிர் ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. விடியற்காலை வந்தவனுக்குச் சாயங்காலமாகியும் தலை காயவில்லை. அவன் முன்னால் தண்ணீர்க் குடம் ஒன்று. பேசுவதற்கு நடுவே குடத்தோடு தூக்கிக் குடித்தான். தொண்டை ஏறி இறங்கவில்லை. தண்ணீர் சும்மா உள்ளே போயிற்று.

எதிர்ச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு ஜெமி நின்றாள். பின்னலிட்டிருந்த தலை கலைந்து கிடந்தது. கண்ணெடுக்காமல் அம்மாவைப் பார்த்தாள்.

"தம்பி," என்றாள் ரெஜினா, "உன்ர இடது கையைக் காட்டு. ஒப்பரேசன் செய்த கை."

ஆன்றோ கையைத் தூக்கிப் போனுக்குப் பக்கத்தில் நீட்டினான். உட்கை மழமழவென்றிருந்தது. தழும்பு இல்லை. மயிர் இல்லை. பிறந்த குழந்தையின் கை.

அவன் தன் கையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"எங்கயம்மா?"

அவள் மடியிலிருந்த பெட்டியை இறுக்கிக்கொண்டாள்.

"இஞ்சயோ?" வலது கைச் சுட்டுவிரல் நகத்தை முழங்கைக்குக் கீழே வைத்து மணிக்கட்டுவரை ஒரு கோடு இழுத்தான். ரத்தம் வரவில்லை. நகம் போன வழியில் வெள்ளையாக ஒரு தழும்பு எழுந்து நின்றது. தையல் போட்ட புள்ளிகள் ஒவ்வொன்றாக, இரண்டு பக்கமும். "இதுக்குள்ள இரும்பு எல்லோ இருந்தது?" கட்டைவிரலை வைத்து அழுத்தினான். தோலுக்கடியில் நீளமாக ஏதோ ஒன்று நெளிந்து, நேராகி, அப்படியே இறுகியது.

"இப்ப சரியோ?"

டீச்சர் பின்னால் நகர்ந்தாள். கையிலிருந்த ஜெபப் புத்தகம் கீழே விழுந்தது. "இயேசப்பா," என்றாள். "இயேசப்பா, ஏளா, அந்தப் போன அமத்து."

ரெஜினா அமர்த்தவில்லை. அங்கே ஜெமி இருந்தாள்.

"சூசை! கண்டியளோ? கண்டியளோ அவன் செய்ததை?"

சூசை போனைக் கையிலெடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். அவன் முகத்துக்குப் பின்னால் வேலியும் வானமும் ஆடின. பேசியபோது அந்த லேசான குரல் போய்விட்டிருந்தது. அவளுக்குப் பழக்கமான குரல்தான் வந்தது, இரண்டு வருஷமாக மூலையில் கிடந்தது.

"எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியோ ரெஜினா? விடியவே தெரியும். அவன் கண்ணை மூடுறதில்லை. நெஞ்சில காது வச்சுப் பார்த்தனான். ஒண்டும் கேக்கயில்லை. அலை மாதிரி ஒரு இரைச்சல் மட்டும்." வாயைத் துடைத்துக்கொண்டான். "எண்டாலும் சொல்லு. உன்ர பெட்டியில இருக்கிறவன் என்னை அப்பா எண்டு கூப்பிடுவானோ? இவன் கூப்பிடுறான். நான் கூப்பிட்டா இவன் திரும்பிப் பார்க்கிறான். எனக்கு அது காணும்."

"ஜெமியை வெளிய விடுங்கோ. கன்னியாஸ்திரி மடத்தில கொண்டுபோய் விடுங்கோ. காலைப் பிடிக்கிறன்."

"அவன் விடான். தங்கச்சி எண்டா அவனுக்கு உயிர் எல்லோ." சொல்லும்போதே சூசையின் உதடு கோணியது. "நீ அதை விட்டிட்டு வா. நாலு பேரும் முந்தி மாதிரி இருப்பம்."

அவன் தோளுக்கு மேலே ஆன்றோவின் முகம் வந்து நின்றது. எப்போது வந்தான் என்று தெரியவில்லை. கால் சத்தம் இல்லை.

மடியில் பெட்டி. பலகை வழியாக அதன் கனம் அவள் தொடைகளில் அழுந்தியது, தூங்கிப்போன பிள்ளையின் கனம் மாதிரி. ஒரு முகம் அங்கே அவளைப் பார்த்துக் காத்திருந்தது. பார்க்க முகமில்லாதவன் இங்கே.

"நான் என்ர பிள்ளையை விட்டிட்டு வரமாட்டன்," என்றாள். "அவன் என்னோடதான் வருவான். வந்து அவன்ர கோயிலில, அவன்ர மண்ணில படுப்பான். நீ ஆரோ எனக்குத் தெரியாது. என்ர வீட்டை விட்டுப் போ."

ஆன்றோவின் முகம் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தது. யோசிப்பது எப்படி என்று பார்த்துக் கற்றுக்கொண்ட மாதிரி நெற்றியைச் சுருக்கியது.

"பரவாயில்லையம்மா," என்றான். "ஆனா அம்மா இல்லாட்டி ஜெமி அழுவாள். நான் பார்க்கிறன்."

கட்.

ரெஜினா மறுபடி மறுபடி அழுத்தினாள். எடுக்கவில்லை. நேசக்குமாரைக் கூப்பிட்டு இப்போதே போகவேண்டும் என்றாள். துறைமுகத்து இரைச்சலுக்கு நடுவே அவன் பொறுமையாகச் சொன்னான், "அக்கா, ராத்திரிக்குப் பிளைட்டே கிடையாது. நடுவுல கடல்தான், ஆனா சட்டுன்னு தாண்ட முடியுமா? விடியட்டும், நான் வந்துருதேன்." டீச்சர் கீழே போய் விளக்கைப் போட்டாள், டிவியைச் சத்தமாக வைத்தாள், உடனே அமர்த்தினாள். படியேறி வரவில்லை. படியின் அடியிலிருந்து அவள் முணுமுணுக்கிற சங்கீதம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

வெளிச்சம் சுவரை விட்டு இறங்கியது. எங்கோ ஒரு கப்பல் ஊதிற்று. கோயில் மணி அடித்தது. அதே நேரம் பேசாலையிலும் அடிக்கும். அந்த நேரத்துக்குத்தான் அவள் தினமும் ஜெமியை முன்னால் உட்காரவைத்துத் தலை வாரிவிடுவாள். பெர்னதெத் நினைவு வந்தது. அவளாவது போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரட்டும். காலில் விழுந்து கேட்டுவிடலாம்.

"அக்கா, கெஞ்சிக் கேக்கிறன், என்ர வீட்டுக்குப் போய் ஜெமியை..."

"ஆரு?"

"ரெஜினா. நான்தான்."

பெர்னதெத் சிரித்தாள். "என்னடி விளையாட்டு? வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கிறவளுக்கு ஏன் போன்?"

"நான் தூத்துக்குடியில இருக்கிறனக்கா."

சிரிப்பு நின்றது. துணி உரசுகிற சத்தம். அவள் வேலியை எட்டிப் பார்க்கிறாள்.

"இல்லை," என்றாள் பெர்னதெத், மெதுவாக. "முற்றத்தில நிக்கிறாய். இப்பத்தானே எனக்குக் கை காட்டினாய்."

போன் ரெஜினாவின் கையிலிருந்து நழுவி மடியில், பெட்டிமேல் விழுந்தது. எடுத்தாள். வீட்டு நம்பர். வீடியோ.

இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

ஜெமி. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சாயங்கால வெளிச்சம் அவள் முகத்தில். பயமில்லை. சற்றுமுன் சுவரோடு ஒட்டி நின்ற பிள்ளை இல்லை. கண்கள் பாதி மூடிச் சொக்கியிருந்தன.

"ஜெமி. பிள்ளை. ஓடு. இப்பவே எழும்பி ஓடு."

ஜெமி திரையைப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. தெருவில் போகிற யாரோ தன் பெயரைச் சொன்ன மாதிரி.

"அம்மாடி, நான் அம்மா. ஜெமி!"

பிள்ளையின் தலை பின்னால் இழுபட்டது, மெல்ல. சீப்பு. உச்சியிலிருந்து நுனிவரை. மறுபடி உச்சியிலிருந்து. சீப்பைப் பிடித்திருந்த கையின் கட்டைவிரலில் மீன் வெட்டும்போது பிளந்து தைத்த வடு. ரெஜினா தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"ஆரு பிள்ளை?" ஒரு பெண் குரல். களைத்த, அன்பான குரல். அவளுடைய குரல்.

ஜெமி அந்த மடியில் சாய்ந்துகொண்டாள்.

"தெரியாதம்மா," என்றாள். "ஆரோ ஒரு அன்ரி. அழுறா."

சீப்பு நின்றது. போனைப் பார்ப்பதற்காக, சீப்பைப் பிடித்திருந்தவள் குனிந்தாள். ஜெமியின் தலைக்கு மேலே அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. ரெஜினாவின் வகிடு, ரெஜினாவின் நெற்றி. ரெஜினாவின் கண்கள், ஆனால் இமைக்கவில்லை. நரைத்த மயிர் நுனியில் தண்ணீர் கோத்து நின்று, ஒரு சொட்டு, பிள்ளையின் கன்னத்தில் விழுந்தது. ஜெமி துடைக்கவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணை மூடினாள்.

"பாவம்," என்றது அந்த முகம், ரெஜினாவைப் பார்த்து. "நம்பர் பிழைச்சுப் போச்சு போல."

சீப்பு மறுபடி ஓடத் தொடங்கியது.